நூறு மில்லி கஞ்சி

மகள் எங்களைக் கேட்காமலேயே டிக்கெட் போட்டுவிட்டாள். போட்டு முடித்த பிறகுதான் மஸ்கட்டிலிருந்து போன் பண்ணினாள்.

"அம்மா, போட்டாச்சு. இனிமே அது இதுன்னு சாக்கு சொல்லாத. ஒழுங்கா அப்பாவக் கூட்டிக்கினு வா."

நான் அப்போது திண்டிவனத்தில் ஏறிய பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் மேல்கம்பி, மறுகையில் போன். விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. தினமும் இப்படித்தான் போய் வருவேன், பாதி நாள் நின்றுகொண்டே.

"பாக்கலாம்" என்றேன்.

"பாக்கலாம் இல்ல, வர்றே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது அவளால் வர முடியவில்லை. கையில் பிறந்து சில மாதமே ஆன குழந்தை, லீவும் கிடைக்கவில்லை. எத்தனையோ பேருடைய அப்பாக்களுக்கு ஊசி போட்டு, புண் துடைத்துவிடுகிறவள், தன் அப்பாவைப் போனில் பார்த்ததோடு சரி. அந்த ஆற்றாமை அவளுக்கு உண்டு. அது எனக்குத் தெரியும். தெரிந்தாலும், அந்தப் பஸ்ஸில் நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இன்னும் ஒரு வேலை.

என் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரம், திண்டிவனம், சென்னை என்று அதே ரோட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டே போய் வந்த மனுஷன். விசில் இல்லாமலே வண்டியை நிறுத்துகிற குரல். வாயில் புகையிலை அடக்கும் பழக்கமும் அதே ரோட்டில்தான் வந்தது. ஓய்வு பெற்ற மறுவருஷம் நாக்கின் ஓரத்தில் ஒரு புண். பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து நாக்கில் பெரும்பகுதியையும் இடது பக்கத் தாடையில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம். அதோடு விழுங்குவது நின்றுபோனது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டு, அதில்தான் சாப்பாடு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வயிற்றிலேயே துளை போட்டுக் குழாய் வைத்தால் வசதி என்று டாக்டர் சொன்னார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இருக்கற ஓட்ட போதும்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னது டாக்டருக்குப் புரியவில்லை. அவர் பேசுவது யாருக்கும் புரியாது. காற்றும் எச்சிலும் கலந்த ஒரு சத்தம்தான் வெளியே வரும். கூடவே இருந்து பழகியதால் எனக்கு மட்டும் அது வார்த்தையாகக் கேட்கும். அதனால் அவர் போகிற இடத்துக்கெல்லாம் நான் போக வேண்டியிருந்தது.

காலையில் எழுந்ததும் கஞ்சி. முளைகட்டிய கேப்பை மாவு, பொட்டுக்கடலை மாவு, பால், வேகவைத்து அரைத்த முட்டை வெள்ளை, ஒரு ஸ்பூன் எண்ணெய், அளந்து போட்ட உப்பு. நன்றாகக் காய்ச்சி, மெல்லிய துணியில் இரண்டு தரம் வடிகட்ட வேண்டும். கடுகளவு கட்டி இருந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பாண்டிச்சேரிக்கு ஓடி, பழைய குழாயை உருவி, புதிதாக ஒன்றை மூக்கில் நுழைக்க வேண்டும். அதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் கஞ்சியை மூன்றாவது தரமும் வடிகட்டுவார்கள். பகலில் நான் விழுப்புரத்தில் இருக்கும்போது அவரே கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கஞ்சியை விட்டுக்கொள்வார். பழகிக்கொண்டார்.

டிக்கெட் விஷயத்தை அலுவலகத்தில் சொன்னதும், எனக்கு எதிர்மேசைக்காரம்மா கேட்டார்: "ஃபிளைட்ல தண்ணி பாட்டிலே எடுத்துக்கினு போக வுடமாட்டாங்களே. உங்க வீட்டுக்காரருக்கு இன்னா பண்ணுவீங்க?"

அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. நான் விமானத்தில் ஏறியதே இல்லை. தண்ணீர் மாதிரி இருக்கிற எதையும் கையில் கொண்டுபோகக் கூடாது என்றால், இவருக்குச் சாப்பாடே தண்ணீர்தானே?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் டிராவல்ஸ்காரரிடம் போய்க் கேட்டேன்.

"நூறு மில்லிக்கு மேல எந்த பாட்டிலும் கூடாதுங்க" என்றார். "எல்லாத்தையும் ஒரே ஒரு ஜிப் கவர்ல போடணும். ஒரு லிட்டர் கவர். உள்ள இருக்கறது வெளிய தெரியணும்."

"எரநூறு பாட்டில்ல பாதி ஊத்திக்கினு போனா?"

"பாட்டில் சைஸ்தாங்க கணக்கு. உள்ள எவ்ளோ இருக்குதுன்னு பாக்கமாட்டாங்க. மருந்துன்னா மட்டும் சலுகை உண்டு."

"கஞ்சி மருந்தாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அத அங்க இருக்கறவங்கதான் முடிவு பண்ணணும்."

விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். நோயாளிக்கான சிறப்பு உணவு என்றால் டாக்டர் சான்றிதழோடு கொண்டுபோகலாம், ஆனால் கடைசி முடிவு பரிசோதனை செய்கிறவர்களுடையது என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். மகளிடம் கேட்டேன். "எதுக்கும்மா இந்த பேஜாரு? டின்ல வர்ற சத்து பவுடர் எடுத்துக்கோ. செக்கிங் முடிச்சி உள்ள போனப்புறம் தண்ணி வாங்கிக் கலக்கிக் குடு" என்றாள். டின் பவுடர் கொடுத்தால் அவருக்கு வயிறு போகும். விமானத்தில் அந்தச் சின்ன கக்கூஸில் அவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. "சரி, அதையும் எடுத்துக்கறேன்" என்றேன்.

யார் சொல்வதை நம்புவது என்று தெரியாதபோது எல்லோர் சொன்னதையும் செய்துவிடுவது என் வழக்கம். பாண்டிச்சேரிக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போய் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கினேன். நல்ல மனுஷன், உடனே எழுதிக் கொடுத்தார். "கெட்டுப்போன வாடை வந்தா மட்டும் குடுக்காதீங்க" என்றார். அதோடு நிறுத்தாமல், நூறு மில்லி பாட்டிலும் தேடிக்கொண்டு போனேன்.

விழுப்புரத்தில் வேலை முடிந்து ஒரு சாயங்காலம் பிளாஸ்டிக் சாமான் கடையில் நின்றேன். கடைக்காரர் ஒரு மூட்டையைக் கீழே கவிழ்த்தார். நூற்றிருபது, நூற்றைம்பது, அறுபது. நூறு எங்கே என்று ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கும்மா, எண்ணெய்க்கா?"

"கஞ்சிக்குங்க."

நிமிர்ந்து பார்த்தார். "கொழந்தைக்கா?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். நாக்கில் ஆரம்பித்து மூக்குக் குழாய் வரை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்திருந்தது. குழந்தைக்கு என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக் கொடுத்தார். "கொழந்தய நல்லா பாத்துக்கோங்க" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சிரிஞ்சால் தண்ணீர் விட்டு அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது. ஒரு வேளைக்கு இரண்டு பாட்டில் வேண்டும். எல்லாவற்றையும் ஜிப் கவரில் அடுக்கினால் வாய் மூடவில்லை. ஒன்றை எடுத்தால் மூடியது. ஆனால் ஒரு வேளைக் கஞ்சி பாதியாகிவிடும். அதில் அவருடைய வாய் கழுவும் மருந்து வேறு இருந்தது. எடுக்கவும் வைக்கவுமாக நான் தரையில் உட்கார்ந்திருந்ததைக் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் இறங்கி வந்தார். கவரை வாங்கிக்கொண்டார். ஒரு பாட்டிலை நிமிர்த்தி, பக்கத்தில் அடுத்ததைத் தலைகீழாக, அதற்கடுத்ததை நிமிர்த்தி என்று அடுக்கினார். அடுக்கிக்கொண்டே அவருடைய அந்தச் சத்தத்தில் சொன்னார்:

"உள்ள போ, உள்ள போ. நடுவுல எடம் இருக்குது. படியில நிக்காத."

ஜிப் மூடிக்கொண்டது. அவருக்குச் சிரிப்பு வந்தால் வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகும். எனக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து வந்ததால் சீக்கிரம் நின்றுவிட்டது.

புறப்படுகிற அன்று விடிவதற்குள் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து, பாட்டில்களில் ஊற்றி, சுற்றிலும் ஃபிரீசரில் உறையவைத்த ஜெல் பை வைத்துக் கட்டினேன். மேல்மலையனூரில் இருக்கும் அவருடைய அக்கா, தம்பி மகளுக்கென்று செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெயை, அதாவது கடலை எண்ணெயை, பெரிய கேனில் கொடுத்து அனுப்பியிருந்தார். அது பெரிய பெட்டிக்குள் போயிற்று. அடியில் போகிற பெட்டிக்கு மில்லி கணக்கெல்லாம் இல்லையாம். வறுத்துத் தின்னவும் பொரித்துத் தின்னவும் அவ்வளவு எண்ணெய் கேள்வியில்லாமல் போகும். ஒரு மனுஷன் பசியாறுகிற கஞ்சிக்குத்தான் இத்தனை பாடு என்று நினைத்துக்கொண்டே பெட்டியைப் பூட்டினேன்.

வாடகைக் காரில் சென்னைக்குப் போனோம். இறங்குவதற்கு முன் காரிலேயே ஒரு வேளைக் கஞ்சி கொடுத்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்க்காமல் வெளியே போய் நின்றார்.

மகள் டிக்கெட்டோடு சக்கர நாற்காலிக்கும் சொல்லி வைத்திருந்தாள். விமானக் கம்பெனி ஆள் அதைத் தள்ளிக்கொண்டு வந்ததும் இவர் தலையை ஆட்டினார்.

"காலுக்கு ஒண்ணும் இல்ல. நின்னுகினே வேல பாத்த ஆளு நான்" என்றார்.

"இன்னா சொல்றாரு?" என்று அந்த ஆள் கேட்டார்.

"வேணாம்ங்கறாரு."

நாற்காலி திரும்பிப் போயிற்று. அதில் உட்கார்ந்திருந்தால் எங்களோடு ஓர் ஆள் வந்திருப்பார், எங்களைப் பிரித்திருக்கமாட்டார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

குடியேற்ற கவுண்டரில் இருந்த அதிகாரி, பாஸ்போர்ட்டில் இருந்த முகத்தையும் எதிரில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் இருந்தவருக்குக் கன்னம் இரண்டும் நிறைந்து, மீசை அடர்த்தியாக இருந்தது. சான்றிதழை நீட்டினேன். படித்துவிட்டு முத்திரை குத்தினார். "உடம்பப் பாத்துக்கோங்க" என்றார்.

அடுத்தது பரிசோதனை. பைகளை பெல்ட்டில் வைத்தோம். ஆண்களுக்குத் தனி வரிசை, பெண்களுக்குத் தனி வரிசை. "நீங்க அங்க போங்க" என்று கையைக் காட்டி அவரை அனுப்பிவிட்டார்கள். சான்றிதழ் என் கைப்பையில், கைப்பை பெல்ட்டில். அவரிடம் ஒன்றும் இல்லை. இடுப்பு பெல்ட், செருப்பு, பர்ஸ் எல்லாவற்றையும் தட்டில் போட்டுவிட்டு, கையில் ஒரு துண்டோடு அந்த வரிசையில் நின்றார். வெளியே போகும்போது எப்போதும் மாஸ்க் போட்டுக்கொள்வார். அன்றும் போட்டிருந்தார்.

திரைக்குப் பின்னால் என்னைச் சோதித்த பெண் விட்டதும் வெளியே வந்து பார்த்தேன். அவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். இளவயது அதிகாரி, தமிழ் தெரியாதவர். மாஸ்க்கைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். இவர் கழற்றினார். குழாயும், கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியும், உள்வாங்கிப்போன தாடையும் அந்த வெளிச்சத்தில் தெரிந்தன. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பிறகு பார்க்காத மாதிரி மேலே பார்த்தார்கள். அதிகாரி குழாயைக் காட்டி ஏதோ கேட்டார். இவர் பதில் சொன்னார்.

"டியூப்பு சார். சாப்பாட்டுக்கு."

எனக்குத் தூரத்திலிருந்தே கேட்டது. அந்த அதிகாரிக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டார். இவர் மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை சத்தமாக. எச்சில் வழிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை சொன்னார். நிரம்பி வழிகிற பஸ்ஸில் பின்படிக்கட்டிலிருந்து முன்படிக்கட்டுக்குக் கேட்கும்படி பேசியவர்.

"சார், அவருக்கு ஆபரேஷன் சார்! பேச வராது!" என்று நான் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன். போக முடியவில்லை. என் பையை ஒரு பெண் அதிகாரி தனியே எடுத்து வைத்து, என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் கஞ்சி. இரண்டுக்கும் நடுவில் நான். பயம்கூட இல்லை, இதற்கு மேல் முடியாது என்கிற ஒரு களைப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது.

நான் கத்தியதைக் கேட்டு, கொஞ்சம் வயதான இன்னோர் அதிகாரி வந்தார். நம்மூர்த் தமிழ். இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்து வந்து போட்டார்.

"உக்காருங்க ஐயா. ஒண்ணும் அவசரம் இல்ல."

இவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அதிகாரி வற்புறுத்தவில்லை. என்னிடம் வந்து விஷயத்தைக் கேட்டு, பெண் அதிகாரியிடம் இந்தியில் சொன்னார். சான்றிதழை இரண்டு பேரும் படித்தார்கள். பிறகு பையைத் திறந்தார்கள். முதலில் வெளியே வந்தது ஜெல் பை.

"இது கூடாதுமா."

"அது தண்ணி இல்லீங்க. கட்டியா ஐஸ் மாதிரி இருக்கும்."

தமிழ்க்காரர் அதைக் கையில் எடுத்து அழுத்தினார். அது விரலுக்கு இடையில் குழைந்தது. சென்னை வெயில் அதற்குள் வேலையைக் காட்டியிருந்தது. ஜெல் பை தொட்டிக்குள் விழுந்தது.

பாட்டில்களை வெளியே எடுத்து வரிசையாக வைத்தார்கள். பெண் அதிகாரி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். தமிழ்க்காரர் தயங்கி என்னிடம் சொன்னார்:

"சந்தேகம் இருந்தா யாருக்கான சாப்பாடோ அவங்கள கொஞ்சம் குடிச்சிக் காட்டச் சொல்லுவோம்மா. அது வழக்கம்."

"அவரால குடிக்க முடியாதுங்க. குடிக்க முடிஞ்சா எதுக்குங்க இவ்ளோ?"

அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. திரும்பி அந்தப் பெண்ணிடம் பேசினார். அந்தப் பெண்ணும் என் கணவரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"நீங்க ஒரு வாய் குடிச்சா போதும்மா."

இதற்குள் இவரையும் அந்தப் பக்கத்திலிருந்து விட்டுவிட்டார்கள். செருப்பைப் போடாமல் கையில் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்து குடித்தேன்.

ஒரு வருஷமாகக் காய்ச்சுகிறேன். நான் அதை ஒரு நாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. ருசி பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத சாப்பாடு அது. கட்டி இருக்கிறதா என்று விரலால் பார்ப்பேன், சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பேன், உப்பை ஸ்பூனால் அளப்பேன். அன்றைக்குத்தான் அது நாக்கில் பட்டது. சில்லென்று, வழவழவென்று, முட்டை வாடையோடு, மண்ணைக் கரைத்த மாதிரி. பாலும் இல்லை, கூழும் இல்லை. எண்ணெய் உதட்டில் ஒட்டியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினேன்.

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டி இருக்குது?" என்று கேட்டார்.

நல்லா இருக்குது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவரிடம் பொய் சொல்லவும் தெம்பில்லை. "நல்லா இல்லீங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நல்லா இல்லன்னா சரிதான். நல்லா இருந்திருந்தாத்தான் எனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்."

"என்னம்மா சொல்றாரு ஐயா?" என்று தமிழ்க்காரர் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்று பாட்டில்களை மறுபடி கவரில் போட ஆரம்பித்தேன். எனக்கு அடுக்க வரவில்லை. இவர் வாங்கி அடுக்கினார்.

விமானத்தில் ஜன்னல் ஓரம் அவருக்கு. மேலே போனதும் எழுந்து திரும்பிப் பார்த்துவிட்டு, "சீட்டு ஃபுல்லு. ஆனா ஒருத்தர்கூட நிக்கல" என்றார். அது அவருக்குப் பிடித்திருந்தது. முதல் வேளைக் கஞ்சியைக் கொடுத்தேன். சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தபோது பக்கத்து சீட்டு ஆள் தன் போர்வையை எடுத்து, மற்றவர்களுக்குத் தெரியாதபடி மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். கேட்காமலே செய்தார். நான் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அடுத்த வேளைக்கு மூடியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. புளித்த வாடை. அடுத்ததும் அப்படியே. ஜெல் பை இல்லாமல் அவ்வளவு நேரம் தாங்கவில்லை. டாக்டர் சொன்னது நினைவுக்கு வர, எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, பணிப்பெண்ணிடம் வெந்நீர் வாங்கி டின் பவுடரைக் கலக்கினேன். வடிகட்டத் துணி இல்லை. அது பெரிய பெட்டியில், எண்ணெய்க் கேனோடு அடியில் இருந்தது. முந்தானை ஓரத்தில் வடிகட்டினேன். பாதி உள்ளே போனது. பிறகு நின்றுவிட்டது.

வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு, மெல்ல அழுத்தி, மெல்ல இழுத்து, மறுபடி அழுத்தி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். நகரவில்லை. சுற்றிலும் எல்லோருக்கும் தட்டில் சாப்பாடு வந்துகொண்டிருந்தது. குழம்பு வாசனை அந்த இடம் முழுக்க நிறைந்திருந்தது. அவர் என் கையைப் பிடித்து சிரிஞ்சை வாங்கிக் கீழே வைத்தார்.

"வுடு. அங்க போய்ப் பாத்துக்கலாம்."

"பசிக்குமேங்க."

"ரோட்டுல வண்டி பிரேக்டவுன் ஆவறதில்ல? எறங்கி நிக்கறதுதான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே கடல் தெரிந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. துண்டை நனைத்துத் துடைத்துவிட்டேன். இறங்கும் வரை அதைத்தான் செய்தேன்.

மகள் வெளியே நின்றிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கிட்டே வந்ததும் அவள் பார்த்தது அப்பாவின் முகத்தை இல்லை, பவுடர் கட்டி நின்ற குழாயை. "எப்ப அடச்சுது?" என்று கேட்டாள். அவர் சொன்னார். நான் அதைப் புரியும்படி எடுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள், "சரிப்பா, வீட்டுக்குப் போனதும் மாத்திடலாம்" என்றாள். அவர் சொன்னது அவளுக்குப் புரிந்திருந்தது. இப்படி நாக்கு போனவர்கள் பேசுவதை அவள் தினமும் கேட்கிறாள். எனக்கு அந்த இடத்தில் பொறாமையா நிம்மதியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கைப்பை திடீரென்று கனமாகத் தெரிந்தது. மருமகன் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, பிளாஸ்திரியை உரித்தாள். "இருமாதீங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே குழாயை ஒரே சீராக உருவி எடுத்தாள். புதுக்குழாய் உறையில் தயாராக இருந்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை.

"கொஞ்ச நேரம் இப்டியே இருக்கட்டும்" என்றாள்.

ஒரு வருஷத்தில் குழாய் இல்லாத அவர் முகத்தை நான் நிதானமாகப் பார்த்தது அப்போதுதான். ஆஸ்பத்திரியில் ஒன்றை உருவிய கையோடு இன்னொன்றை நுழைத்துவிடுவார்கள். மூக்கின் ஓரத்தில் குழாய் படிந்த கோடு சிவப்பாக இருந்தது. கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிய இடம் மட்டும் வெளுத்திருந்தது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, மெல்ல நடந்து வந்து அவர் மடியில் கையை வைத்தாள். அவர் தூக்கி உட்காரவைத்தார். அவள் அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவர் மூக்கைச் சுளித்தார். அவள் சிரித்தாள். அவர் மறுபடி சுளித்தார்.

மகள் அப்போதுதான் எழுந்து சமையலறைக்குள் போனாள். உள்ளே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நான் உள்ளே போகவில்லை. அவளுக்கு அது வேண்டியிருந்தது.

"கொஞ்சம் சாய்றேன்" என்று சொல்லிவிட்டு பக்கத்து அறையில் படுத்தேன். புடவைகூட மாற்றவில்லை. முந்தானையில் பவுடர் காய்ந்து விறைத்திருந்தது. எழுந்தபோது வெளியே வெளிச்சம் போயிருந்தது. அவருக்குப் புதுக்குழாய் போட்டு, கஞ்சி கொடுத்து, வாய் கழுவிவிட்டு, எல்லாம் முடிந்திருந்தது. யாரும் என்னை எழுப்பவில்லை. அவர் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு நிறைந்த முகம். நான் இல்லாமல் நிறைந்தது.

அங்கே இருந்த நாட்களில் ஊரை அதிகம் சுற்றிப் பார்க்கவில்லை. ஒரு நாள் கடற்கரைக்குப் போனோம், ஒரு நாள் பெரிய கடைக்கு. மற்ற நாளெல்லாம் நான் தூங்கினேன். காலையில் தூங்கினேன், மத்தியானம் தூங்கினேன். மகள் வேலைக்குப் போகுமுன் காய்ச்சி வைத்துவிடுவாள். பகலில் அவரே விட்டுக்கொள்வார், பேத்தி பக்கத்தில் நின்று சிரிஞ்சு காலியாவதை வாயைத் திறந்துகொண்டு பார்ப்பாள். வயிற்றுக் குழாயைப் பற்றி மகள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். டாக்டர் சொன்னபோது ஆட்டிய அதே தலையை இவளிடமும் ஆட்டினார். ஆனால் "யோசிக்கறேன்" என்றார். அதுவே பெரிது.

திரும்பி வரும்போது மகளே எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற, சீல் உடைக்காத கஞ்சி டப்பாக்கள். இவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற ரகத்தைக் கொடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள். நூறு மில்லிக்கு மேல்தான் இருந்தன. சான்றிதழைப் பார்த்தார்கள், டப்பாவை ஒரு மெஷினில் வைத்து எடுத்தார்கள், போகச் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை இவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேத்தி கூடவே ஏறிக்கொண்டதால் உட்கார்ந்தார். அவளை இறக்கிவிட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே எனக்கு வேலை. கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போய் பஸ் பிடித்தேன். அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. மயிலம் கூட்ரோடு தாண்டியது நினைவிருக்கிறது. அப்புறம் பக்கத்தில் இருந்த அம்மா தோளைத் தட்டி எழுப்பினார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றிருந்தது. அவர் தோளில்தான் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"நான் முண்டியம்பாக்கத்துல எறங்கணும்மா. அதுக்குத்தான் எழுப்பினேன். இல்லன்னா வுட்டிருப்பேன்" என்றார்.

"மன்னிச்சிக்கோங்கம்மா."

"அதுல இன்னா இருக்குது. எவ்ளோ தூரம் போவணும்?"

"விழுப்புரம்."

"அப்ப இன்னும் நேரம் இருக்குது. ஜன்னல் பக்கம் நகந்து சாஞ்சிக்கோ" என்று எழுந்து என்னைத் தாண்டி வெளியே வந்தார். நான் நகர்ந்து உட்கார்ந்து கம்பியில் தலையை வைத்தேன்.